அப்பாவுக்குப் பக்கவாதம், சித்தப்பாவுக்கு மாரடைப்பு: இது நம் ரத்தத்தில் இருப்பதா, நம் ஊரில் இருப்பதா?

கெடிலக்கரை:

வணக்கம். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பாவுக்கு 57 வயது, துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை போகவே இல்லை. நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. காற்று அடித்துவிட்டது என்று அம்மா விளக்கெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் புறா ரத்தம் பூசினால் கை வந்துவிடும் என்று சொல்ல, என் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு புறா தேடிப் போனான். இதை எழுதவே கை நடுங்குகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

எட்டரை மணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பிரஷர் 190/110 என்றார்கள். ஒரு ஊசி போட்டு, வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி, சாயங்காலம் வரச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் பேச்சும் குழறவே வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, காலையிலேயே வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம், இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். இப்போது நடக்கிறார், பேசுகிறார். சட்டைப் பொத்தான் மட்டும் இன்னும் அம்மாதான் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன் என் சித்தப்பா போய்விட்டார், 44 வயதில். ராத்திரி நெஞ்சைப் பிசைகிறது என்றவருக்கு கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு அங்கே ஒரு டாக்டர், நீங்கள் இந்தியர் என்பதாலேயே இதய நோய் வருகிற வாய்ப்பு உங்களுக்கு அதிகம் என்று சொல்லி 36 வயதிலேயே கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இன்னொரு பக்கம், புதுச்சேரியில் நான்கில் ஒருவருக்குச் சுகர், தமிழ்நாட்டில் அதில் பாதிதான் என்று படித்தேன். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ரத்தம் மாறிவிடுமா என்ன? என்னோடு வேலை பார்க்கும் வங்காளப் பையன் தங்கள் ஊரில் பக்கவாதம்தான் அதிகம் என்கிறான். ஒரே குழப்பம்.

எனக்கு 31 வயது. மெடிக்கல் ஷாப்பில் பார்த்தபோது பிரஷர் 138/90. என் கேள்வி ஒன்றுதான். இது இனத்தில், ரத்தத்தில் எழுதியிருந்தால் நான் உப்பைக் குறைத்து என்ன, நடந்து என்ன? இல்லை, ஊர்தான் காரணம் என்றால் ஊரில் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வில்லியனூர்வாசி:

தம்பி, முதலில் ஒன்று. மூன்று மாதம்தான் ஆகிறது, அப்பா கைக்குப் பயிற்சியை விடாதீர்கள். பொத்தான் போட அவரையே தினமும் முயற்சி செய்யச் சொல்லுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

நான் மருத்துவர் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சுகாதாரக் கணக்கெடுக்கிற வேலையில் பதினோரு வருஷம் இருந்தவன். அதனால் எண்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அழகான பதில் ஜப்பானியர்களிடம் இருக்கிறது. 1965இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஜப்பானிலேயே இருந்தவர்கள், ஹவாய்த் தீவுக்குப் போய்க் குடியேறியவர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறியவர்கள் என்று மூன்று இடத்து ஜப்பானிய ஆண்களை ஒப்பிட்டார்கள். ரத்தம் ஒன்றுதான். ஆனால் மாரடைப்பு ஜப்பானில் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் அதிகம். பக்கவாதமோ தலைகீழ், ஜப்பானில்தான் அதிகம். ஆக, கப்பல் ஏறியபோது ரத்தம் மாறவில்லை, தட்டில் இருந்ததும் உழைப்பும் மாறின. அந்தக் காலத்து வட ஜப்பானில், குறிப்பாக அகிதா என்ற மாவட்டத்தில், பனிக்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறியும் உப்பு மீனும்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஓர் ஆள் 20 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார்கள். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் அதிகம் பேரைக் கொன்றது பக்கவாதம்தான். பிறகு ஊர் ஊராகப் பிரஷர் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜும் வந்தது. பக்கவாதச் சாவு மளமளவென்று இறங்கியது. உப்பு மீன் என்றதும் நம் ஊர்க் கருவாடு உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது.

கறுப்பினத்தவர் விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் பக்கவாதம் வருகிற வாய்ப்பு வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடனே ‘அது அவர்கள் ரத்தம்’ என்று சொல்லிவிடுவார்கள். 1990களில் ஒரு குழு மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், சிகாகோ பக்கம் என மூன்று இடங்களில் ஒரே வேர் கொண்ட மக்களுக்குப் பிரஷர் பார்த்தது. உயர் ரத்த அழுத்தம் ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத்தில் 26, சிகாகோவில் 33. அமெரிக்காவில் தென்கிழக்கு மாநிலங்களை, அதாவது அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள் என்று ஒரு வரிசையை, ‘பக்கவாதப் பட்டை’ என்றே அழைக்கிறார்கள். அங்கே வெள்ளையருக்கும் மற்ற மாநில வெள்ளையரைவிட அதிகம் வருகிறது. 30,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தும் ஓர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 13 முதல் 18 வயது வரை அந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு, பிறகு வேறு மாநிலத்துக்குப் போனாலும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. வயசுப் பிள்ளைகளாக இருந்தபோது சாப்பிட்டதும் வாழ்ந்ததும் உடம்பில் தங்கிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி நம் பக்கம். சிங்கப்பூர் டாக்டர் சொன்னது பொய்யில்லை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 59க்குப் பக்கத்தில். ஆறு வருஷம் முன்னதாக! ஆனால் அதே ஆய்வைத் தொடர்ந்து படித்தால், அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பகுதிக் காரணம் புகையிலை, பிரஷர், சுகர், கொழுப்பு, தொப்பை, காய்கறி பழம் இல்லாதது, உழைப்பில்லாத உடம்பு போன்ற சாதாரண விஷயங்களே. அவை நம்மிடம் சின்ன வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

ரத்தத்தில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இந்தியர்களில் ஏறக்குறைய 100க்கு 4 பேரிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் ஒரு துண்டு குறைவாக இருக்கிறது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள், நம் மதுரைக்காரர்களும் அதில் பங்கெடுத்தார்கள். ஆனால் அது வயதான பிறகு இதயத் தசையைப் பலவீனமாக்குகிற வகை, உங்கள் சித்தப்பாவுக்கு வந்த மாதிரி அடைப்பு வேறு. மைசூரில் பழைய பிரசவப் பதிவேடுகளை எடுத்து, அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களான பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம். இதை ரத்தம் என்பதா, அம்மாவுக்குச் சரியான சாப்பாடு இல்லாதது என்பதா, சொல்லுங்கள்.

முள்ளோடைக் கேள்வி. 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் புதுச்சேரியில் சுகர் 26.3 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. இந்த எண்ணை வைத்து டீக்கடையில் சண்டையே நடந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீடு வீடாக ரத்தம் எடுத்தது 2008 கடைசியிலிருந்து 2010 வரை. புதுச்சேரிக்கு வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அந்த இடைவெளியில் தொப்பை எங்கேதான் வளரவில்லை? அப்புறம், புதுச்சேரி பெரும்பாலும் நகரம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை வரைக்கும் சேர்த்துச் சராசரி. கடலூர் நகரத்தையும் புதுச்சேரி நகரத்தையும் ஒரே வருஷம் அளந்தால் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்காது என்பது என் கணிப்பு.

வங்காளத் தம்பி சொன்னது சரி. மாநிலவாரியாகப் பார்த்தால் பக்கவாதச் சுமை மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் பக்கம் அதிகம். இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களின் விகிதம் கேரளம், பஞ்சாப், தமிழ்நாட்டில் அதிகம். 2016 கணக்கு இது.


தாழங்குடா அக்கா:

தம்பி, நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள். 2021 ஆகஸ்டில் திட்டம் ஆரம்பித்தது. எண்களை அண்ணன் சொல்லிவிட்டார். நான் திண்ணையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒரு வீடு. ஐயாவுக்கு 170/100. மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் போனால் 130/84. ரொம்பச் சந்தோஷம். அதற்கடுத்த மாதம் போனால் மாத்திரை அட்டை அப்படியே சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. ஏன் ஐயா என்றால், ‘அதான் நார்மலுக்கு வந்துடுச்சே’ என்கிறார். மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்று புரிய வைக்கவே மூன்று மாதம் ஆகிறது. சிலர் கடலுக்குப் போனால் நாலு நாள், ஐந்து நாள் கரைக்கு வர மாட்டார்கள், மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது நான் சின்ன டப்பாவில் போட்டு, செல்போன் வைக்கிற அதே பிளாஸ்டிக் கவரில் வைக்கச் சொல்கிறேன். செல்போனை மறக்க மாட்டார்கள் இல்லையா.

பெண்கள் கதை வேறு. கணவர் மாத்திரையைத் தவறாமல் வாங்கி வைப்பார்கள், தங்களுக்குப் பார்க்கச் சொன்னால், எனக்கென்ன அக்கா, நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போவார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்து விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிற ஒருத்தரைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தேன், 200/116. தலைவலிக்குத் தைலம் தேய்த்தே ஐந்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறார். பிரஷருக்கு வலி கிடையாது, பெரும்பாலும் அறிகுறியே கிடையாது, அதுதான் கொடுமை.

உப்பு விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் என்கிறார்கள். கருவாட்டுக் குழம்பில் உப்பே போடுவதில்லை என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள், உண்மைதான், கருவாட்டிலேயே இருக்கிறதே. கூடவே ஊறுகாய், அப்பளம், பழையதில் ஒரு பிடி கல் உப்பு. அப்புறம் துறைமுகத்தில் பீடியும், உதட்டுக்குள் அடக்குகிற புகையிலையும். அதுவும் பிரஷரைத் தூக்கும். இதைத்தான் ஊரில் எது என்று கேட்டீர்கள் என்றால், என் கண்ணுக்குத் தெரிவது இதுதான்.


பண்ருட்டி ஜூரோங்:

நான் பண்ருட்டி, சிங்கப்பூரில் பதினான்கு வருஷம். உங்கள் அண்ணனுக்கு டாக்டர் சொன்னது இங்கே சாதாரணமாகச் சொல்வதுதான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று பேரையும் ஒரே ஊரில், ஒரே மருத்துவமனைகளில் வைத்துப் பார்க்கிற வசதி இங்கே உண்டு. இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மாரடைப்பு சீனர்களைவிட அதிகம் என்று பல வருஷமாகவே கணக்கு சொல்கிறது. அதனால் எடை விஷயத்தில் இங்கே 25க்குப் பதிலாக 23 என்ற பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டுகிற) எண்ணிலேயே எச்சரிக்கை செய்கிறார்கள். நம் ஆட்களுக்கு உடம்பு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும், இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80க்கு மேல் போகக்கூடாது.

ஆனால் எனக்கு மனதில் பட்டது வேறு. எங்கள் டார்மிட்டரியில் இருந்த நாட்களில், நாங்கள் இருபது பேரும் இந்தியர்கள், எல்லோருக்கும் ஒரே ‘இனம்’. பன்னிரண்டு மணிநேர வேலை, ராத்திரி பத்து மணிக்கு மூன்று தட்டுச் சோறு, தூக்கம் ஐந்து மணிநேரம். இன்னொரு பக்கம் ஆபீசில் வேலை பார்க்கும் இந்தியர்கள், வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை. கணக்கில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் வருவோம். அந்தக் கட்டத்தை நான் முழுசாக நம்ப மாட்டேன்.


நெல்லிக்குப்பம் ரவி:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் தாத்தா பழையதும் கருவாடும் சாப்பிட்டு 86 வயது வரை கரும்பு வெட்டினார். மாத்திரை என்ற பேச்சே இல்லை. இப்போது எல்லோரும் பிரஷர் மாத்திரை போட்டுக் கிட்னியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பாக்கெட் எண்ணெயையும் பரோட்டாவையும் நிறுத்தினாலே பாதி நோய் போய்விடும் என்பது என் அனுபவம். தம்பி சின்ன வயது, மாத்திரைப் பழக்கத்துக்குப் போகவேண்டாம்.


கோரிமேடு நர்ஸ்:

ரவி அண்ணா, பரோட்டா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். கிட்னி விஷயத்தில் மட்டும் நிற்க முடியாது, ஏனென்றால் டயாலிசிஸ் அறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே வந்தவர்களில் பலர் பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள். மாத்திரை கிட்னியைக் கெடுத்ததில்லை அண்ணா, அடங்காத பிரஷரும் சுகரும்தான் கெடுத்தன. உங்கள் தாத்தாவை நான் நம்புகிறேன். அதே தெருவில் 50இல் ‘திடீரென்று’ போனவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தாத்தா கரும்பு வெட்டிச் சிந்திய வியர்வையில் உப்பு போயிற்று. நாம் அதே கருவாட்டை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பிரஷரில் மேல் எண் 10 குறைந்தாலே பக்கவாதம் வருவது கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பத்தே புள்ளி!

கெடிலக்கரை தம்பி, உங்களுக்கு. 138/90இல் கீழ் எண் எல்லையிலேயே நிற்கிறது. ஆனால் ஒரு தடவை, அதுவும் கடையில் நின்றபடியே பார்த்ததை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. டீயோ சிகரெட்டோ குடித்து அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, இரண்டு தடவை பாருங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றில் சுகர், கொழுப்பு இரண்டும் பாருங்கள். சித்தப்பா 44இல் போனதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முடிந்தால் லிப்போபுரோட்டீன் ஏ என்ற, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பை வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். குடும்பத்தில் வருவது அது, நம் நாட்டவரிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

அப்புறம் அந்தக் காலை. நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வது எழுத்திலேயே தெரிகிறது. அப்படி நினைக்காதீர்கள், யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், அந்த நிமிடமே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. அந்த மணி ஓட ஆரம்பிப்பது ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து இல்லை, ஆள் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. அந்த நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டாவது வாருங்கள், நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது, அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதும் வீண். நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடவும் கூடாது, பெரிய குழாயில் அடைப்பு என்றால் கம்பி விட்டு எடுக்கிற சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

மாரடைப்பு என்றால் கதை வேறு, அங்கே இ.சி.ஜி.தான் முதல். 2023இல் தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ என்று ஆரம்பித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸாக ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகள் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே போய்விடலாம்.


வில்லியனூர்வாசி:

நர்ஸ் அம்மா சொன்னதற்குக் கூடவே ஒன்று. என் வேலையில் நான் படித்ததிலேயே என்னை அதிகம் பாதித்தது 2008இல் வந்த ஓர் இந்தியக் கணக்கு. நாடு முழுக்க மாரடைப்புடன் ஆஸ்பத்திரிக்கு வந்த 20,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். நெஞ்சு வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சராசரியாக ஆறு மணி நேரம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. சரி, ஏழைகளுக்கு நோய் கடுமையாக இருந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் கிடைத்த சிகிச்சையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லாமலே போய்விட்டது. அதே சிகிச்சை கிடைத்திருந்தால் ஏழையும் பிழைத்திருப்பார் என்றுதானே அர்த்தம்? ஒரே நாடு, ஒரே ரத்தம், வேறு பை.

அமெரிக்காவிலும் இது புரிய ஆரம்பித்திருக்கிறது. இதய நோய் ஆபத்தைக் கணிக்க அங்கே டாக்டர்கள் பயன்படுத்துகிற கணக்கில் முன்பு கறுப்பரா வெள்ளையரா என்று கேட்பார்கள். 2023இல் வந்த புதுக் கணக்கில் இனத்தை எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் அஞ்சல் குறியீட்டை வைத்து அந்தப் பகுதி எவ்வளவு ஏழ்மையானது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இன்னும் இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்கதேசத்தவரா என்று கேட்கிறார்கள், அதற்கும் காரணம் உண்டு, கேட்காவிட்டால் நம் ஆட்களின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவார்கள். ஆக, இனத்தைக் கேட்பது இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பிரஷர் பார்க்க உதவினால் நல்லது, ‘இவர்கள் ரத்தமே அப்படி’ என்று கையை விரிக்க உதவினால் கெட்டது. என் கருத்து.

லாஸ் ஏஞ்சலிஸில் 52 சலூன்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவெட்ட வரும் கறுப்பின ஆண்களுக்கு அங்கேயே பிரஷர் பார்த்து, மருந்தாளுநர் சலூனுக்கே வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் மேல் எண் 27 புள்ளி இறங்கியது. வெறும் ஆலோசனை மட்டும் கிடைத்த சலூன்களில் 9 சொச்சம்தான். 2018இல் வெளிவந்தது. யாருடைய ரத்தத்தையும் மாற்றவில்லை, மாத்திரை அவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு வந்தது. தாழங்குடா அக்கா திண்ணையில் செய்கிற வேலையும் இதுதானே. துறைமுகத்தில் ஏலம் நடக்கும் இடத்தில் வாரம் ஒரு நாள் ஒரு மேசை போட முடியுமா அக்கா?


தாழங்குடா அக்கா:

கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா. ஏலம் முடிந்து ஆறு ஆறரைக்கு எல்லோரும் டீ குடிக்க உட்காருவார்கள், அந்த நேரம்தான் சரிப்படும். ஆனால் டீக்கு முன்னால் பிடிக்கணும்.


கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். விளக்கெண்ணெய் பகுதி வந்தபோது எழுந்து போய்விட்டார், பிறகு வந்து, மிச்சத்தையும் படி என்றார்.

அம்மாவுக்கு இதுவரை யாரும் பிரஷர் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றுக் கூட்டிப் போனேன். 164/98. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை, பொத்தான் போட்டுவிடுகிற கை. ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு வாரக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்று காலை 134/88.

பக்கத்தில் எங்கெங்கே ராத்திரியிலும் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று நேரில் போய் விசாரித்து, மூன்று போன் நம்பரைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டிவிட்டோம். தம்பிதான் எழுதினான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் போய்ச் சொன்னான், அவரும் கேட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரு கேள்வி. அப்பா கருவாடு இல்லாமல் சோறு இறங்கவில்லை என்கிறார். மூன்று மாதமாக ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. கொஞ்சமாவது கொடுக்கலாமா?


தாழங்குடா அக்கா:

சுடுதண்ணீரில் அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவையும் அப்படியே செய்யுங்கள். உப்பு முழுசாகப் போகாது, கொஞ்சம் இறங்கும். குழம்பில் தனியாக உப்புப் போடாமல், கத்திரிக்காயும் முருங்கைக்காயும் நிறைய, கருவாடு இரண்டே துண்டு. மாதத்துக்கு ஒரு தடவை, பிரஷர் அடங்கியிருந்தால் மட்டும், அதுவும் அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. மற்ற நாளில் வாசலுக்கு வருகிற சங்கராவையோ மத்தியையோ பச்சை மீனாகக் குழம்பு வையுங்கள். கடற்கரையில் இருந்துகொண்டு பச்சை மீனுக்கா பஞ்சம்?

அப்பாவையே முள் எடுத்துச் சாப்பிடச் சொல்லாதீர்கள், கை இன்னும் தேறவில்லை இல்லையா, நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அம்மாவின் மாத்திரை அட்டையை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.